டிரையர் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை: ஹீட்டர் காயிலை மாற்றிவிடலாமா?

டிரம் வழக்கம்போலச் சுற்றுகிறது, ஒரு மணி நேரம் ஓடியும் துணி ஈரமாகவே வருகிறது, கதவைத் திறந்தால் உள்ளே கொஞ்சமும் சூடில்லை, புது ஹீட்டர் காயில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டு மின்சார டிரையரிலும் இதேதான் நடந்தது. காயில்தான் போய்விட்டது என்று நினைத்துப் புதியதை வாங்கிப் பொருத்தினேன். சூடு வரவில்லை. அப்புறம்தான் பழைய காயிலை மல்டிமீட்டரில் (மின்சாரத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன், அது நன்றாகவே இருந்தது. எரிந்திருந்தது ஒரு சின்ன தெர்மல் ஃபியூஸ். அதை மாற்றியதும் சூடு வந்தது. மூன்று வாரம் கழித்து அந்தப் புது ஃபியூஸும் எரிந்தது. இரண்டாவது முறை மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தியபோது, பின்னால் இருந்த காற்றுக் குழாய் மடங்கி நசுங்கியிருப்பதைப் பார்த்தேன். மடிப்புக்குள் கையளவு பஞ்சு அடைந்து கிடந்தது.

உண்மையான கோளாறு அந்த அடைப்புதான். சூடான ஈரக்காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் ஹீட்டரைச் சுற்றியே வெப்பம் தேங்கும். அளவு மீறும்போது தெர்மல் ஃபியூஸ் தன்னைத்தானே அறுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கும். ஒருமுறை போனால் அது மறுபடி சேராது, புதிதுதான் போட வேண்டும். ஃபியூஸை எடுத்துவிட்டு ஒயரை டைரக்டாகக் கொடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பஞ்சு நொடியில் பற்றிக்கொள்ளும் பொருள், தீ வராமல் காப்பது அந்த ஃபியூஸ்தான்.

சரி, எங்கே தொடங்குவது? மெஷினைத் திறப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை உண்டு. சூடில்லாமல் வெறும் காற்று மட்டும் ஓடும் முறையில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பிறகு பிரேக்கர். உங்கள் இணைப்பு 240 வோல்ட்டை இரண்டு 120 வோல்ட் கம்பிகளாகக் கொடுப்பது என்றால், மோட்டார் ஓட ஒரு கம்பி போதும், ஹீட்டருக்கு இரண்டும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துண்டிக்கப்பட்டால் டிரம் சுற்றும், சூடு வராது. இரட்டை பிரேக்கரை முழுதாக அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். உடனே மறுபடி விழுந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்து காற்று. பஞ்சு பிடிக்கும் வலையைக் கழுவி, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் வலையிலேயே தேங்கி நின்றால், துணியை மென்மையாக்கப் போடும் தாள்களின் மெழுகு படிந்திருக்கிறது, சோப்பும் பழைய பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். மெஷின் ஓடும்போது வெளிச்சுவரில் இருக்கும் மூடி நன்றாகத் திறந்து காற்று வேகமாக வருகிறதா என்றும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பின்பக்கக் குழாயைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். அப்போது சூடும் காற்றும் நன்றாக வந்தால் கோளாறு குழாயில். இந்தச் சோதனை மின்சார டிரையருக்கு மட்டும்தான். கேஸ் டிரையரில் செய்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

குழாய் சுத்தமாக இருந்தும் சூடு இல்லையென்றால்தான் மல்டிமீட்டர். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள், பட்டனை அணைத்தால் மட்டும் போதாது. எந்த பாகத்தை அளந்தாலும் அதன் ஒயரைக் கழற்றிவிட்டு அளங்கள், இல்லாவிட்டால் வேறு வழியாகச் சுற்றி வந்து மீட்டர் தப்பாகக் காட்டும். தெர்மல் ஃபியூஸில் ஓம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது, எதுவும் காட்டாவிட்டால் எரிந்துவிட்டது. ஹீட்டர் அருகே இருக்கும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஆறிய நிலையில் அப்படித்தான் காட்ட வேண்டும். காயிலில் எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்று தெரிய, வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: 240 வோல்ட், 5400 வாட் என்றால் சுமார் 11 ஓம், 230 வோல்ட், 2000 வாட் என்றால் சுமார் 26. கூடவே காயிலின் முனைக்கும் அதன் உலோகக் கூட்டுக்கும் இடையே அளந்து பாருங்கள், அங்கே இணைப்பே காட்டக் கூடாது. காட்டினால் காயில் கூட்டைத் தொடுகிறது, மாற்றத்தான் வேண்டும். இவை எல்லாமே சரியாக இருந்தால் மிச்சம் பெரும்பாலும் மோட்டாரோடு இருக்கும் சுவிட்சும் கண்ட்ரோல் போர்டும்தான். அதை நான் மெக்கானிக்கிடமே விட்டுவிடுவேன்.

ஈரக்காற்றைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டன்சர் வகை மெஷினில் வெளியே போகும் குழாய் கிடையாது, கண்டன்சரைத்தான் எடுத்துக் கழுவ வேண்டும். சில மாடல்களில் பின்புறம் ஒரு சின்ன ரீசெட் பட்டன் இருக்கும், அதை அழுத்தினாலே சூடு திரும்பலாம். ஹீட் பம்ப் டிரையர் என்றால் அது குறைந்த சூட்டில்தான் உலர்த்தும், கை வைத்துப் பார்த்துக் கோளாறு என்று முடிவு செய்ய முடியாது. கேஸ் டிரையரில் பற்றவைக்கும் பகுதியும் வால்வும் சம்பந்தப்பட்டவை, அதற்குத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ஃபியூஸ்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால், புதியதைப் போடும் அன்றே குழாயையும் முழுதாகச் சுத்தம் செய்துவிடுங்கள். பிளாஸ்டிக்கிலோ மெல்லிய ஃபாயிலிலோ செய்த மடங்கும் குழாய் இருந்தால் உறுதியான உலோகக் குழாயாக மாற்றுங்கள், முடிந்த அளவு குட்டையாகவும் நேராகவும் போடுங்கள். நான் அப்படி மாற்றிய பிறகு மூன்றாவது ஃபியூஸ் இன்னும் எரியவில்லை. உங்களுடையது எந்த வகை டிரையர், வெளிச்சுவர் மூடி திறக்கிறதா என்று எழுதினால், அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்கிறேன்.