தண்ணீர்ப் போத்தல் காவுகிறவர்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

எனக்கு 21 வயது. பாசையூரில், நடக்கப் பழகிய நாள் முதலாக உதைபந்தோடு வளர்ந்தவன். கழகத்தின் இரண்டாவது அணிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. ஆறு மாதங்களுக்கு முன் முழங்கால் மூட்டை உறுதியாகப் பிடித்திருக்கும் ஏசிஎல் நார் அறுந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். இப்போது பேராதனையில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கழகத்துப் பெடியள் மட்டும், "பந்தடிக்க ஏலாதவன்தானே தண்ணிப் போத்தல் காவப் போறவன்" என்று பகிடி பண்ணுகிறார்கள். நான் தோற்றுத்தான் போகிறேனா? அடுத்த மாதம் இறுதியாட்டம் இருக்கிறது. காலில் வலி இல்லை. கடைசியாக ஒருமுறை ஆடிவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)
பாசையூர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கிலாந்தில் பேர்ட்டி மீ என்றொருவர் இருந்தார். 1918இல் பிறந்தவர். டார்பி கவுண்டி கழகத்தில் சேர்ந்தும் முன்னுக்கு வர முடியாமல், மூன்றாம் பிரிவில் ஆடிய மான்ஸ்ஃபீல்ட் டவுனுக்குப் போய், அங்கும் காயத்தால் ஆட்டத்தை விட்டவர். போர்க்காலத்தில் இராணுவ மருத்துவப் படையில் வேலை செய்து, இயன்மருத்துவராகித் திரும்பிய அவரை ஆர்சனல் கழகம் 1960இல் எடுத்துக்கொண்டது. 1966இல் அதே கழகம் அவரை அணியின் முகாமையாளராகவே ஆக்கியபோது, சரிவராவிட்டால் பழைய வேலைக்கே திரும்பிவிட இடம் வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். திரும்ப வேண்டி வரவில்லை. 1971இல் லீக் பட்டத்தையும் எஃப்ஏ கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் வென்றது அவருடைய அணி.

ஆனால் நீங்கள் கேட்டதற்கு இது முழுப் பதிலாகாது; முகாமையாளரானதால்தான் அவர் வாழ்க்கை ஈடேறியது என்று யாரும் வாதாடலாம். ஆகவே கடைசிவரை இயன்மருத்துவராகவே இருந்த கேரி லூயினைச் சொல்கிறேன். ஆர்சனலின் இளையோர் அணியில் கோல் காப்பாளராக இருந்து, அங்கே இடம் நிலைக்காமல், அப்போது லீக்குக்கு வெளியே இருந்த பார்னெட் கழகத்துக்கு ஆடிக்கொண்டே லண்டன் கைஸ் மருத்துவமனையில் படித்தவர் அவர். 1986 முதல் 2008 வரை ஆர்சனலில் வேலை செய்தார். 2007 பெப்ரவரியில் கார்டிஃபில் நடந்த லீக் கிண்ண இறுதியாட்டத்தில், ஆர்சனலை எதிர்த்தாடிய செல்சியின் அணித்தலைவர் ஜோன் டெரி முகத்தில் உதைபட்டு நினைவிழந்து விழுந்தார். அவருடைய மூச்சுப்பாதை அடைபடாமல் காத்தவர்களில் முன்னே ஓடியவர் எதிரணிக்காரரான லூயின். அந்த நேரத்தில் மைதானத்தில் நின்ற எந்த நட்சத்திரத்தை விடவும் அவருடைய கைகளே வேண்டியிருந்தன.

(உங்கள் கூட்டாளிகளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. 2014 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து அணியோடு இருந்த லூயின், இத்தாலிக்கு எதிராக விழுந்த கோலைக் கொண்டாடித் துள்ளியபோது ஒரு தண்ணீர்ப் போத்தலின் மேல் காலை வைத்துக் கணுக்கால் மூட்டு விலகி ஊர் திரும்பினார். போத்தல் காவுவது அவர்கள் நினைப்பதுபோல் ஆபத்தில்லாத தொழில் அல்ல.)

நம் ஊரில் இந்தத் தொழிலின் அருமை எனக்குப் பள்ளிக்கூட நாட்களிலேயே தெரிந்தது. ஓர் ஆட்டத்தில் கணுக்கால் மடங்கி விழுந்தேன். ஓடிவந்த பெரியவர் ஒருவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பாதத்தைப் பிடித்து இழுத்துத் திருகி, "எழும்பி ஓடு" என்றார். நானும் வெட்கத்துக்காக ஓடினேன். இரவு கால் பூசணிக்காயாக வீங்கியது. மறுநாள் அப்பா என்னை முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் கொண்டுபோனார். அவர் காலைத் தொடுவதற்கு முன், விழும்போது பாதம் உள்ளே மடங்கியதா வெளியே மடங்கியதா, விழுந்த பிறகு நாலு அடி வைக்க முடிந்ததா என்று கேட்டார். இன்றைய இயன்மருத்துவரும் கிட்டத்தட்ட அதே கேள்விகளில்தான் தொடங்குகிறார் என்பது பல வருடங்களுக்குப் பிறகே எனக்குத் தெரிந்தது. அந்தப் பெரியவரைப்போல நல்ல மனமும் முரட்டுக் கையும் உள்ளவர்கள் நம் மைதானங்களின் ஓரத்தில் இன்றும் நிற்கிறார்கள், படித்தவர்கள்தான் குறைவு.

ஆடியவர் இந்தத் தொழிலுக்கு வருவதில் ஒரு தனிப் பயன் உண்டு. காயப்பட்டவன் எப்படிப் பொய் சொல்வான் என்பது அவருக்குத் தெரியும். "ஒண்டுமில்லை, ஆடுவன்" என்ற சொல்லைத் தாமே பலமுறை சொன்னவர், அதை இன்னொருவன் சொல்லும்போது முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்ப்பார். அதற்காக ஆடிய அனுபவம் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். உடற்கூற்றையும் தசைகளின் இயக்கத்தையும் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். ஆடிய அனுபவத்தை மட்டும் நம்பியிருந்தால் நீங்களும் பாதத்தை இழுத்துத் திருகுகிறவராகவே முடிவீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது, "காலில் வலி இல்லை" என்ற அந்தச் சிறு வாக்கியம். ஏசிஎல் சத்திரசிகிச்சையில் உடலின் வேறோர் இடத்து நாரை எடுத்து முழங்காலுக்குள் பொருத்துகிறார்கள். அது உள்ளே ஊன்றி, மெல்ல மெல்லத் தன் இயல்பு மாறி, மூட்டைத் தாங்கும் வலுவைப் பெற மாதக்கணக்காகும். வலியும் வீக்கமும் அதற்கு வெகு முன்பே போய்விடுகின்றன. வலி நிற்பதும் நார் உறுதிப்படுவதும் ஒன்றல்ல. சத்திரசிகிச்சை முடிந்து ஒன்பது மாதம் நிரம்புமுன், ஓட்டத்தில் சட்டென்று வெட்டித் திரும்பும் ஆட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம். அந்தக் கெடு முடிந்தாலும், காயப்பட்ட காலின் தொடைத்தசை மற்றக் காலின் வலுவில் 90 வீதத்தையாவது எட்டியிருக்கிறதா, ஒற்றைக்காலில் தாண்டி நிலையாக நிற்க முடிகிறதா என்று சோதித்த பிறகே ஆடவிடுவார்கள். உங்களுக்கு ஏழு மாதம்கூட நிரம்பியிருக்காது.

ஆடாதீர்கள். சத்திரசிகிச்சை செய்த வைத்தியரிடம் ஒருமுறை போய்க் கேளுங்கள். அவரும் இதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். இறுதியாட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருப்பதால், அணித்தலைவரிடம் இந்தக் கிழமையே சொல்லிவிட்டால், உங்கள் இடத்துக்கு இன்னொருவரைப் பழக்க அவருக்கும் அவகாசம் கிடைக்கும்.