தன்னுண்ணலை ஆராய விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

செல்கள் தம் பழுதுபட்ட பகுதிகளைத் தாமே செரித்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜி, அதாவது தன்னுண்ணல், தங்கள் மகளை ஈர்த்திருக்கிறது என்றும், இயற்கைப் பொருள்களால் அதைக் கட்டுப்படுத்திப் புற்றுநோய்க்கு மருந்து காண அவர் விரும்புகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கென இளநிலையில் தனிப் படிப்பைத் தேட வேண்டாம். உயிர்வேதியியல், செல் உயிரியல், மருந்தியல், வேதியியல் ஆகியவற்றுள் ஒன்றை ஆழமாகப் படித்தால் போதும். இயற்கை மருத்துவத்தையும் புற்றுநோயையும் பெயரில் சேர்த்து விளம்பரம் செய்யும் குறுகிய காலச் சான்றிதழ்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அடிப்படையை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. இத்துறைக்காக 2016-இல் நோபல் பரிசு பெற்ற யோஷினோரி ஓசுமி புற்றுநோயை அல்ல, ஈஸ்ட் செல்லை ஆராய்ந்தவர். மேலும், தன்னுண்ணல் ஒரே திசையில் வேலை செய்வதில்லை: புற்று தோன்றாமல் தடுக்கும் அதே செயல், வளர்ந்துவிட்ட கட்டியில் பட்டினி கிடக்கும் செல்களுக்கு உணவளித்து அவற்றைப் பிழைக்கவும் வைக்கிறது. எனவே எந்தக் கட்டத்தில் அதைத் தூண்டுவது, எப்போது தடுப்பது என்பதே இத்துறையின் மையக் கேள்வி. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் செல்களில் தன்னுண்ணலைத் தூண்டுவது உண்மைதான். ஆனால் அது குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவதால், தட்டில் கண்டது உடலில் நிகழும் என்று சொல்ல இயலாது. மாறாக, ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ராபமைசினை வேதியியலாளர்கள் மாற்றியமைத்து உருவாக்கிய டெம்சிரோலிமஸ், 2007-இல் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ராபமைசின் தன்னுண்ணலைத் தூண்டக்கூடியது என்றாலும், அம்மருந்தின் பயன் முழுவதையும் தன்னுண்ணலின் கணக்கில் எழுத முடியாது.

அன்றாட வேலை எப்படியிருக்கும் என்பதையும் உங்கள் மகள் அறிந்துகொள்ளட்டும். தன்னுண்ணலை அளக்கப் பயன்படும் எல்சி3 என்ற புரதம், புரதங்களைப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையின் படலத்தில் நெருக்கமான இரு கோடுகளாகத் தெரியும். மருந்திட்டதும் கீழ்க்கோடு தடித்தால் தன்னுண்ணல் கூடிவிட்டது என்று துள்ளத் தோன்றும். ஆனால் இறுதிச் செரிமானம் தடைபட்டுப் புரதம் தேங்கினாலும் அக்கோடு தடிக்கும். ஆகவே இவ்விரண்டில் எது நடந்தது என்று பிரித்தறிய, செரிமானத்தை நிறுத்தும் பாஃபிலோமைசினைச் சேர்த்தும் சேர்க்காமலும் சோதனையை மீண்டும் செய்தாக வேண்டும். இந்தச் சலிப்பைத் தாங்குபவருக்கே இத்துறை ஏற்றது. எனக்குத் தெரிந்தவரை, மதிப்பெண்ணைவிட இக்குணமே நல்ல அறிகுறி.

வேலை கிடைக்குமா என்ற உங்கள் அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. சொந்தமாக ஆய்வு நடத்த முனைவர் பட்டம் தேவை. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் செல் வளர்ப்பு, நிறமாலையியல், புள்ளியியல் ஆகியவற்றைக் கற்றவருக்கு முதுநிலை முடித்ததுமே மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டிலும் மருத்துவப் பரிசோதனைப் பணிகளிலும் இடம் உண்டு.

கட்டணம் கட்டுமுன், வரும் விடுமுறையில் செல் வளர்க்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவர் இரண்டு மாதம் உதவியாளராக இருக்கட்டும். செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு அவர் முணுமுணுக்காமல் போகிறாரா என்று மட்டும் பாருங்கள்.