வீட்டு பிரிண்டரும் உப்புக்காற்றும்: வாசகர் கேள்வி – பதில்

பிரிண்டர், ஜெராக்ஸ், தபால் பற்றி ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஐந்து வாரம் வெளியூர் போய்விட்டு வந்தால் கறுப்பு எழுத்து கோடு கோடாக விட்டு விழுகிறது. அடுத்தடுத்து ஆறு முறை 'ஹெட் கிளீனிங்' கொடுத்தேன். மை குறைந்ததுதான் மிச்சம். ஹெட் போய்விட்டதா?
– வாசகர், தங்கச்சிமடம்

மையைத் தெளிக்கும் ஹெட் அவ்வளவு சீக்கிரம் போகாது. முதலில் கிளீனிங் கொடுப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் மையை உறிஞ்சி, பிரிண்டருக்கு அடியில் இருக்கும் கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது. இடைவெளி விடாமல் செய்தால் குழாயில் காற்றுக் குமிழும் சேர்ந்துவிடும். அப்புறம் அடைப்பு ஒன்று, காற்று ஒன்று என்று இரண்டு கோளாறு.

டேங்கில் மை கீழ்க்கோட்டுக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் நிரப்பிவிட்டு 12 மணி நேரம் தொடாமல் விடுங்கள். பிறகு மைத்துளைகளைச் சோதிக்கும் 'நாசில் செக்' தாள் ஒன்று எடுங்கள். அதில் சின்னச் சின்னக் கோடுகள் படிக்கட்டு மாதிரி வரும். எந்தக் கோடு விட்டுப்போயிருக்கிறது என்று பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். ஒரே ஒரு கிளீனிங், மறுபடி ஒரு தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே இடம் விட்டிருந்தால் துளையில் மை காய்ந்திருக்கிறது. இடம் மாறி மாறி விட்டால் அது காற்று. ஓர் இரவு சும்மா விட்டாலே பெரும்பாலும் சரியாகும். காய்ந்த மை என்றால் நாளுக்கு ஒரு கிளீனிங் வீதம் மூன்று நாள் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மட்டும் 'பவர் கிளீனிங்' என்னும் பலமான கிளீனிங். அதற்கு டேங்கில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றைத்தான் இழுக்கும். வெந்நீர், நெயில் பாலிஷ் ரிமூவர், சிரிஞ்சு என்று யார் சொன்னாலும் ஹெட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இனி வராமல் பார்த்துக்கொள்ள இரண்டு பழக்கம் போதும். பிரிண்டரை எப்போதும் அதன் பட்டனிலேயே அணையுங்கள். அப்போதுதான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். சுவர் சுவிட்சைத் தட்டினாலோ, அச்சாகும்போது கரன்ட் போனாலோ ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். கரன்ட் வந்ததும் ஒரு தடவை ஆன் செய்து, பட்டனில் முறையாக அணைத்துவிடுங்கள். அடுத்தது, வாரம் ஒரு தாள், நான்கு நிறமும் வரும்படி. வெளியூர் போனால் பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கழிவுப் பஞ்சு நிறைந்துவிட்டால் பிரிண்டர் விளக்குகள் மாறி மாறி மின்னி வேலையை நிறுத்திவிடும். 'ரீசெட்' மட்டும் செய்து தருகிறோம் என்பவர்களிடம் பஞ்சையும் மாற்றச் சொல்லுங்கள். ரீசெட் எண்ணிக்கையைத்தான் பூஜ்யமாக்கும், பஞ்சைப் பிழியாது. கொஞ்ச நாளில் மை மேஜையில் ஒழுகும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் லேசர் பிரிண்டரில் தாள் சிக்குகிறது. எழுத்தும் விரலால் தேய்த்தால் உதிர்கிறது. மற்ற மாதங்களில் பிரச்சினை இல்லை.
– வாசகி, கீழக்கரை

பிரிண்டரைக் குறை சொல்ல வேண்டாம், தாள் நமத்துப்போயிருக்கிறது. ஒரு தாளை மூலையில் பிடித்து உதறிப் பாருங்கள். காய்ந்த தாள் சடசடக்கும், நமத்த தாள் துணி மாதிரி தொங்கும். லேசரில் டோனர் பொடியை உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசர் ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி வரை சூடாகும். அந்தச் சூட்டில் ஒரு பகுதி, தாளில் உள்ள ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிறது. அதனால் பொடி சரியாக உருகாமல் உதிர்கிறது. ஆவி வெளியேறும்போது தாள் சுருண்டு உருளையில் சிக்குகிறது. வெளிவரும் தாளிலிருந்து புகை மாதிரி வந்தால் அதுவும் நீராவிதான், பயப்பட வேண்டாம்.

500 தாள் கட்டைப் பிரித்ததும் உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அந்த உறை ஈரம் புகாதபடி செய்யப்பட்டது. வேண்டிய 20, 30 தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை உறையோடு இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ராத்திரி டிரேயில் தாளை விடாதீர்கள். நமத்த கட்டை வெயிலில் காயப்போட்டால் ஓரம் அலையலையாகிவிடும். அதைக் கணக்கு எழுதவும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் புதுக் கட்டைப் பிரியுங்கள். அவசரத்துக்கு பிரிண்டர் செட்டிங்கில் 'திக் பேப்பர்' என்று மாற்றினால் ஃபியூசர் கூடுதல் சூடு தரும், உதிர்வது குறையும்.

தாள் காய்ந்திருந்தும் இழுக்காவிட்டால், தாளை இழுக்கும் ரப்பர் உருளையில் உப்புத்தூசி படிந்து வழுக்குகிறது. பஞ்சு பறக்காத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்து, காய்ந்தபின் போடுங்கள். கடற்கரைப் பக்கத்து ஜன்னலோரம் பிரிண்டர் வைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் மேலே ஒரு துணி போடுங்கள். பல்லி, கரப்பான் நுழைவதையும் அது தடுக்கும்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பிரிண்டர் வாங்கினால் லாபமா, கடையிலேயே எடுக்கலாமா?
– வாசகர், மண்டபம்

மாதம் எத்தனை பக்கம் என்பதுதான் கேள்வி. ஒரு கணக்குப் போடுவோம். இங்க் டேங்க் பிரிண்டர் 12,000 ரூபாய், 500 தாள் 250 ரூபாய் என்று வையுங்கள். தாளுக்கு 50 பைசா. பரவலாக விற்கும் 65 மில்லி கறுப்பு பாட்டிலுக்கு 4,500 பக்கம் என்று போட்டிருப்பார்கள். மைக்குப் பக்கத்துக்குச் சுமார் 10 பைசா என்று வைப்போம். ஆக 60 பைசா. கடையில் பிரிண்ட் 5 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 4 ரூபாய் 40 பைசா மிச்சம். 2,730 பக்கம் எடுத்தால் பிரிண்டர் விலை திரும்பும். மாதம் 150 பக்கம் என்றால் ஒன்றரை வருடம். மாதம் 40 பக்கம் என்றால் ஐந்தரை வருடத்துக்கு மேல், அதற்குள் உப்புக்காற்று தன் வேலையைக் காட்டிவிடும். 2 ரூபாய் ஜெராக்ஸுக்காக மட்டும் வாங்குவது வீண்.

அந்த 4,500 பக்கம் என்பது, தாளில் 5 சதவீதம் மட்டுமே மை படியும் சாதாரணக் கடிதத்துக்கான அளவு. வினாத்தாளும் படமும் அதைவிடக் கூடுதல் மை குடிக்கும். முதல் செட் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும்.

விலை மலிவு என்று கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வாங்குவதற்கு முன், கார்ட்ரிட்ஜ் விலையை அதன் பெட்டியில் போட்ட பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சின்ன கார்ட்ரிட்ஜில் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் தாண்டுவது சகஜம். மாதம் நூறு பக்கம் வரை கறுப்பு மட்டும் போதும், நாள் கணக்கில் சும்மா கிடக்கும் என்றால் லேசர்தான் நல்லது. பொடி காயாது. ஆனால் ஃபியூசர் சூடாகும்போது நூற்றுக்கணக்கான வாட்ஸ் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் போடாதீர்கள். மை தெளிக்கும் இங்க்ஜெட்டுக்கு 15 வாட்ஸ் போதும்.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு பிரிண்டர் வந்தபின் கூட்டம் பாதியாகிவிட்டது. எதை நம்பிக் கடையை நடத்துவது?
– வாசகர், தொண்டி

உங்கள் கவலை நியாயமானது. ஒரு காலத்தில் மனுவை டைப்ரைட்டரில் கார்பன் வைத்து அடித்தோம், நோட்டீஸுக்கு ஸ்டென்சில் வெட்டி ரோனியோ நகல் இயந்திரத்தில் சுற்றினோம். அதையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டது. இப்போது ஒற்றைப் பக்க வேலையை வீட்டு பிரிண்டர் எடுத்துக்கொண்டது. பட்டா, சிட்டாவையே ஜனங்கள் அரசு இணையதளத்திலிருந்து வீட்டில் எடுக்கிறார்கள். அந்த ஒற்றைப் பக்கம் திரும்பி வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் முடியாதவை நிறைய இருக்கின்றன: லீகல் அளவு பச்சைத் தாள், ஏ3, ஸ்பைரல் பைண்டிங், இரு பக்கமும் அச்சான புத்தகம். முக்கியமாகப் பழைய பத்திரம். மடிப்பில் கிழியும் பத்திரத்தைத் தானாக இழுக்கும் ஃபீடரில் போடவே கூடாது. கண்ணாடியில் வைத்து, அதன் முதுகில் ஒரு கறுப்புத் தாளை வைத்து மூடுங்கள். பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரியாது. இந்தச் சின்ன வேலையைச் செய்யும் கடையைத் தேடி வருவார்கள். டீசல் பில், ஏடிஎம் சீட்டெல்லாம் சூட்டில் அச்சாகும் தாள், சில மாதத்தில் வெளுத்துவிடும். படகுக்காரர்களிடம் அன்றைக்கே நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரணத்துக்கு ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல் கேட்டு வருபவர்களுக்கு, அட்டையின் இரு பக்கத்தையும் ஒரே தாளில் எடுத்துக் கொடுங்கள்.

இன்னொன்று நம்பிக்கை. வாட்ஸ்அப்பில் வரும் ஆதாரும் பாஸ்புக்கும் உங்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் சேர்ந்துகொண்டே போகிறது. பிரிண்ட் எடுத்ததும் வாடிக்கையாளர் கண்ணெதிரே இரண்டிலும் அழியுங்கள், அழிப்போம் என்று எழுதியும் ஒட்டுங்கள். படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் எழுத்தும் மங்காது.

வீட்டில் அச்சடித்த மனுவைத் தபாலில் அனுப்பினேன். மழையில் முகவரி கரைந்து திரும்பி வந்துவிட்டது. பதிவுத் தபாலும் இப்போது கிடையாது என்கிறார்களே?
– வாசகர், ஏர்வாடி

இங்க்ஜெட் மையில் தண்ணீரில் கரையும் வகை உண்டு, கரையாத வகையும் உண்டு. உங்களுடையது எது என்று அறிய நாலு வரி அச்சடித்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பரவினால் அதில் முகவரி அச்சடிக்காதீர்கள். உறையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதுவதே நல்லது. ஜெல் பேனா மையும் பல சமயம் கரையும். அச்சடித்த சீட்டை ஒட்டுவதானால் முகவரி முழுவதையும் மூடும்படி டேப் ஒட்டுங்கள். உள்ளே மனுவின் நகலாவது ஜெராக்ஸாகவோ லேசராகவோ இருக்கட்டும். அனுப்புநர் முகவரியில் பின்கோடு விட்டுப்போகக் கூடாது.

பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. பெயருக்குரியவர் கையிலேயே சேர வேண்டும் என்றால், விரைவுத் தபாலில் 'பதிவு' என்பதைச் சேர்த்துக் கேளுங்கள். சேர்ந்ததற்குச் சான்று வேண்டுமென்றால் அதையும் புக் செய்யும்போதே சொல்ல வேண்டும். ரசீதில் எழுத்தும் இலக்கமுமாக 13 இடத்தில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

சாதாரணத் தபாலுக்கு 20 கிராமுக்கு ஒரு கட்டணப் படி. 75 ஜிஎஸ்எம் கனமுள்ள ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 4.7 கிராம், நீள உறை 5 கிராம். மூன்று தாள் வரை 20-க்குள் அடங்கும், நாலாவது தாள் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். இரு பக்கமும் அச்சடித்தால் மூன்று தாளில் ஆறு பக்கம். கலெக்டருக்கான மனு என்றால் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்கலாம்.

வீட்டில் தமிழில் அடித்த கடிதம் கடையில் திறந்தால் கட்டம் கட்டமாக, ஆங்கில எழுத்தாக வருகிறது.
– வாசகி, சாயல்குடி

நீங்கள் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். அந்த எழுத்துரு கடைக் கம்ப்யூட்டரில் இல்லை. வீட்டிலேயே பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். இனி எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடில் அடியுங்கள். தமிழக அரசே 2010-ல் யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணையிட்டுவிட்டது. கடையில் 'ஆக்சுவல் சைஸ்' என்று வைத்து எடுக்கச் சொல்லுங்கள், 'ஃபிட்' என்றால் எழுத்து சுருங்கும்.

ஆதாரை வீட்டில் கலரில் அச்சடித்து லேமினேட் செய்தால் செல்லுமா? கடையில் பிவிசி அட்டை போட்டுத் தருகிறார்களே?
– வாசகர், தேவிபட்டினம்

இணையத்தில் இறக்கிய இ-ஆதார் கறுப்பு வெள்ளையில் எடுத்தாலும் செல்லும், கியூஆர் கட்டம் தெளிவாக இருந்தால் போதும். கடையில் போடும் பிவிசி என்னும் பிளாஸ்டிக் அட்டையில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை என்று ஆதார் ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. அட்டைதான் வேண்டும் என்றால் ஆணையத்தின் தளத்தில் பணம் கட்டி ஆர்டர் செய்யுங்கள், விரைவுத் தபாலில் வீட்டுக்கே வரும். இங்க்ஜெட்டில் எடுத்ததை லேமினேட் செய்வதாக இருந்தால் ஒரு நாள் காயவிட்டுச் செய்யுங்கள், ஈரத்தோடு செய்தால் உள்ளே மை பரவும்.