அவனே எடுத்துக்கிட்டான்

கேள்வி: அக்கா, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 56 வயது, சென்னிமலையில் கைத்தறியில் பெட்ஷீட் நெய்கிறவர். மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் முடிந்து, கோவையில் நாலு கீமோ ஆகிவிட்டது. கிருத்திகை தவறாமல் மலையேறியவர் இப்போது வீட்டில் விளக்குகூட ஏற்றுவதில்லை. 'ஏழு வருசமா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கல, சாமி குத்தம்தான்' என்று பெரியம்மா அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். பழனியில் முடி எடுப்பதாக அம்மா வேண்டியிருந்தார். கீமோவில் முடி கொட்டியபோது, 'நான் குடுக்கறதுக்கு முந்தி அவனே எடுத்துக்கிட்டான்' என்றார், அவ்வளவுதான். நம்பிக்கை போனால் உடம்பு தேறாது என்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனி கூட்டிப் போகட்டுமா? விரல் மரத்துப்போனதால் இனி நெய்ய முடியாது என்று தறியை ஒருவர் விலைக்குக் கேட்கிறார், அதையும் கொடுத்துவிடலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த முடி வாக்கியத்தைத்தான். நம்பிக்கை போனவர் அப்படிப் பேசமாட்டார். அது முருகனோடு சண்டை. பக்கத்து வீட்டுக்காரனிடம் பத்து நாள் பேசாமல் இருந்தால் அவனை மறந்துவிட்டோம் என்றா அர்த்தம்? உங்கள் அம்மாவுக்குக் கோபம், அதுவும் நியாயமான கோபம், அதைக் கொஞ்ச நாள் அவரிடமே விட்டுவிடுங்கள்.

என் அக்காவுக்கு கீமோ நடந்த இரண்டு வருசமும் நான்தான் கூடப் போனேன். தலையணைக்கடியில் ஒரு விபூதி டப்பா வைத்திருப்பாள். ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை, பூசச் சொன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் பெட் மாற்றும்போதெல்லாம் கண்ணாடியைக்கூடக் கேட்காமல் முதலில் கேட்பது அந்த டப்பாவைத்தான். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்காமல் இருந்தது நல்லது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

சரி, பெரியம்மா விஷயம். இதில் நான் நைசாகப் பேசப்போவதில்லை. வயது, ஹார்மோன், சிலருக்குப் பரம்பரை, பலருக்குக் காரணமே சொல்லமுடியாத தற்செயல், மார்பகப் புற்றுநோய் வருவது இப்படித்தான். பொங்கல் வைக்காததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'சாமி என்னைத் தண்டிக்குது' என்று நம்புகிற நோயாளிகளுக்கு மனவேதனையும் சோர்வும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. அதாவது, பெரியம்மா சொல்லும் ஆறுதலே ஒரு நோய். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, 'பெரியம்மா, வாங்க, சாப்பிடுங்க, இந்தப் பேச்சு மட்டும் வேண்டாமுங்க' என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க உங்களுக்கே மனசிருந்தால் தாராளமாக வையுங்கள், ஆனால் அபராதம் கட்டுகிற மாதிரி வைக்காதீர்கள்.

நம்பிக்கை போனால் உடம்பு தேறாது என்பதும் சரியில்லை. கட்டியைக் கரைப்பது மருந்து, பக்தி இல்லை, மனசை எப்படி வைத்திருக்கிறோம் என்பதும் இல்லை. 'பாசிட்டிவா இரும்மா' என்று தினமும் சொன்னால், அழக்கூட உரிமை இல்லாமல் போய்விடும். புற்றுநோயாளிகளின் ஆன்மிக நலத்தை அளக்கப் பல நாடுகளில் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, 12 கேள்விகள். மன அமைதி, வாழ்வதற்கு ஒரு அர்த்தம், மத நம்பிக்கை என்று மூன்றையும் அது பிரித்துப் பார்க்கிறது. மனச்சோர்வு குறைவதோடு அதிகம் ஒட்டிவருவது முதல் இரண்டும்தான். லண்டனில் 1967-ல், கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலியை உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா என்று எல்லாம் சேர்ந்த ஒரே வலியாகப் பார்த்தார். அவர் நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராகி, அப்புறம் டாக்டருக்குப் படித்தவர், அதனால்தான் அப்படிப் பார்க்க முடிந்தது என்பது என் எண்ணம்.

ஆகவே அம்மா கோயிலுக்குப் போகிறாரா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, காலையில் எழுந்தால் அவருக்கு என்ன காத்திருக்கிறது என்று பாருங்கள். தைப்பூசத்துக்குப் பழனி வேண்டவே வேண்டாம். கீமோ போட்ட ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும், அந்தக் கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாதாரணக் காய்ச்சலே ஆபத்தாகிவிடும். எப்போதுமே 100.4 டிகிரி தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முருகன் எங்கேயும் போகமாட்டான். கீமோவெல்லாம் முடிந்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதாக இருந்தால் அதுவும் முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகு, அதுவும் அம்மாவாகவே கேட்டால் போங்கள்.

இன்னொன்று. கோபம் வேறு, மனச்சோர்வு வேறு. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பேரன் பேத்தி வந்தாலும் முகம் மாறவில்லை, இப்படி இரண்டு வாரம் போனால் புற்றுநோய் டாக்டரிடமே சொல்லி மனநல டாக்டரைப் பார்க்கக் கேளுங்கள், அதற்கும் மருந்து உண்டு. 'நான் போய்ச் சேர்ந்தா தேவலை' என்று ஒருமுறை சொன்னாலும் போதும், இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 14416 என்பது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். நீங்களும் கூப்பிடலாம், உங்கள் எழுத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தூக்கம் சரியில்லை போலிருக்கிறது.

கடைசியாகத் தறி. விரல் மரத்துப்போவது சில கீமோ மருந்துகளால் வரும். டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லுங்கள், தேவைப்பட்டால் மருந்தின் அளவை மாற்றிப் பார்ப்பார்கள். நிறையப் பேருக்கு சிகிச்சை முடிந்து சில மாதங்களில் குறைகிறது, சிலருக்கு முழுசாகப் போவதில்லை. பாவு நூலைப் பிணைக்க விரல்நுனி வேண்டும், இப்போது கஷ்டம்தான். ஆனால் ராட்டையில் தார் சுற்ற, அதாவது ஊடைநூலைக் குழலில் சுற்ற முடியலாம், அரைமணி நேரம், முடிந்த நாளில். இல்லாவிட்டால் பக்கத்துப் பெண் யாராவது வந்து நெய்யட்டும், அம்மா உட்கார்ந்து இழை தப்புவதைப் பார்த்துத் திட்டட்டும். விலை கேட்ட ஆளிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். அம்மாவைக் கேட்காமல் அட்வான்ஸ் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.