மோட்டார் டெக்கில் பீட் நழுவுகிறதே, ஏன்?

கேள்வி: இரண்டு வருடமாக மோட்டார் இல்லாத ஜாக் வீல் (கையால் சுழற்றும் சக்கரம்) கன்ட்ரோலரில், இரண்டு பாட்டின் பீட்டையும் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனை நம்பியே கல்யாண நிகழ்ச்சிகளுக்கு டி.ஜே. செய்து வந்தேன். இப்போது 7 அங்குல மோட்டார் பிளாட்டர் (மோட்டார் சுழற்றும் வட்டத் தளம்) உள்ள டெக் வாங்கியிருக்கிறேன். சிங்க்கை அணைத்துவிட்டுக் கையால் பீட் சேர்த்தால், அரை நிமிடத்தில் பாட்டு விலகிவிடுகிறது. திருத்தலாம் என்று தொட்டால் மறுபக்கம் ஓடிவிடுகிறது, பாடகர் குரலும் இழுபடுகிறது. பழுது டெக்கிலா, என் காதிலா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. நீங்கள் ஒன்றாக நினைப்பது இரண்டு தனித்தனிப் பிழைகள். பாட்டு மெல்ல விலகுவது வேகத்தில் உள்ள பிழை. அதைத் தீர்க்கக்கூடியது, பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகர்த்தும் பிட்ச் ஃபேடர் மட்டுமே. இரண்டு பாட்டும் ஒரே வேகத்தில் ஓடியும் அடிகள் முன்பின்னாக விழுந்தால் அது இடத்தில் உள்ள பிழை. அங்கேதான் விரலுக்கு வேலை. விரலால் வேகத்தைத் திருத்தப் பார்க்கிறவர்கள் பாட்டு முடியும்வரை தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஏன் என்பதற்கு மோட்டாரைப் பார்க்க வேண்டும். 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேரடியாகப் பிளாட்டரைச் சுழற்றும் டெக். 1979-ல் வந்த எம்.கே.2-ல் வேகத்தை நிலையாக வைக்கும் குவார்ட்ஸ் கட்டுப்பாடும் நீளமான பிட்ச் ஃபேடரும் சேர்ந்தன. விரல் வைத்து அழுத்தினால் வேகம் குறையும், எடுத்த உடனே மோட்டார் அதைப் பழைய வேகத்துக்கே கொண்டுவந்துவிடும். இன்றைய மோட்டார் கன்ட்ரோலர்களும் நடப்பது இதே முறையில்தான். ஆகவே நீங்கள் எத்தனை முறை தட்டினாலும் வேகம் மாறாது. பாட்டு இருந்த இடம் மட்டும் முன்னேயோ பின்னேயோ நகரும்.

முதலில் ஃபேடரைப் பாருங்கள். பிட்ச் ரேஞ்ச், அதாவது ஃபேடர் வேகத்தை மாற்றக்கூடிய எல்லை, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஃபேடரில் ரேஞ்ச் கூட்டவும் குறைக்கவும் 8 சதவீதம் என்றால், ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் 0.16 சதவீதம் மாறும். 120 பி.பி.எம். (நிமிடத்துக்கு 120 பீட்) பாட்டில் அது சுமார் 0.2 பி.பி.எம். அதே ஃபேடரை 50 சதவீத ரேஞ்சில் வைத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 1.2 பி.பி.எம். தாவும். மனித விரலால் அந்த ரேஞ்சில் பீட் சேர்ப்பது மிகக் கடினம். அரை நிமிடத்தில் காதுக்குத் தெளிவாக விலகுகிறது என்றால் உங்கள் வேகப் பிழை அரை பி.பி.எம். அளவில் இருக்கலாம். 120-ல் ஒரு பீட் அரை நொடி. அரை பி.பி.எம். வித்தியாசம் அரை நிமிடத்தில் கால் பீட், அதாவது 125 மில்லி நொடி விலக்கும். 8 சதவீத ரேஞ்சில் அது வெறும் இரண்டரை மில்லிமீட்டர் நகர்த்தலில் தீரும் கோளாறு.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிரம் அடிகள் சுமார் 30 மில்லி நொடி விலகும்போது 'டக்' என்பது 'ட-டக்' என்று உடைந்து கேட்கத் தொடங்கும். 120 பி.பி.எம். பாட்டில் 8 பார் (பாருக்கு 4 பீட்) ஓடுவதற்கு 16 நொடி. 8 பாருக்கு ஒரு முறை மெல்லத் தட்ட வேண்டியிருக்கிறது என்றால், வேகப் பிழை கிட்டத்தட்ட ஃபேடரின் ஒரு மில்லிமீட்டர். 4 பாருக்கு ஒரு முறை என்றால் இரண்டு மில்லிமீட்டர். ஒரே திசையில் இரண்டாம் முறை தட்ட வேண்டி வந்ததுமே கையைத் தட்டிலிருந்து எடுத்து ஃபேடருக்குக் கொண்டுபோங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கலையில் பாதி இந்த ஒரு பழக்கம்தான்.

இனி விரல். மோட்டார் இல்லாத ஜாக் வீலில் மேற்பரப்பைத் தொட்டால் பாட்டு நிற்கும், ஓரத்தைச் சுழற்றினால் பாட்டு தற்காலிகமாக வேகமெடுக்கும் அல்லது மெதுவாகும். அங்கே தாராளமாகச் சுழற்றிப் பழகிய கை உங்களுடையது. மோட்டார் டெக்கில் அப்படி மேற்பரப்பு, ஓரம் என்ற பிரிவே கிடையாது. பிளாட்டரின் மேலுள்ள தட்டு இருக்கும் இடம்தான் பாட்டு இருக்கும் இடம். 33⅓ சுழற்சி வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி ஆகும். 12 அங்குலத் தட்டின் விளிம்பில் நீங்கள் கூடுதலாக ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் பாட்டு சுமார் 19 மில்லி நொடி நகரும். 7 அங்குலத் தட்டில் அதே ஒரு சென்டிமீட்டர் 32 மில்லி நொடி. நடு லேபிள் பக்கம் தொட்டால் இன்னும் அதிகம். பெரிய டெக்கில் வாசிப்பவர்களின் காணொளியைப் பார்த்து அதே அளவு நீங்களும் தள்ளினால் மறுபக்கம் ஓடத்தான் செய்யும். உங்கள் அளவு அரை சென்டிமீட்டருக்கும் குறைவு.

மெதுவாக்க, விரல் நுனியின் சதைப் பகுதியால் பிளாட்டரின் பக்கவாட்டு விளிம்பை உரசுங்கள், அழுத்த வேண்டாம். முன்னே தள்ள, தட்டின் மேல் ஒரு விரலை அது சுழலும் வேகத்திலேயே கூட ஓடவிட்டு, பிறகு ஒரு சிறு உந்து கொடுங்கள். நின்ற விரலைச் சுழலும் தட்டில் வைத்தால் முதலில் பிரேக் விழுந்து, அதன் பிறகே தள்ளு விழும். குரல் இழுபடுவது அந்த இடத்தில்தான். குரலோ வயலினோ நீளமாக நிற்கும்போது தட்டைத் தொடாதீர்கள். டிரம் மட்டும் போகும் இடத்துக்குக் காத்திருங்கள், அங்கே சிறு அசைவு யாருக்கும் தெரியாது.

பாட்டை விடும் விதமும் முக்கியம். பாட்டின் முதல் கிக்கை, அதாவது பாஸ் டிரம் அடியை, கண்டுபிடித்துத் தட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அடியில் ஸ்லிப்மேட்டுக்கு (தட்டு வழுக்கிச் சுழல இடையில் போடும் துணி விரிப்பு) கீழே பிளாட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். 1960-களின் இறுதியில் நியூயார்க்கின் சாங்க்சுவரி கிளப்பில் ஃபிரான்சிஸ் கிராசோ பாட்டுகளைத் தொடுத்ததும் இப்படி ஓடும் பிளாட்டரின் மேல் தட்டைப் பிடித்து விட்டுத்தான். ஓடும் பாட்டின் பீட்டுக்கு ஏற்பத் தட்டை முன்பின் அசைத்து, ஒன்றாம் பீட்டில் லேசான உந்துதலோடு விடுங்கள். வெறுமனே விரலை எடுத்தால் தட்டு வேகம் பிடிப்பதற்குள் ஒரு துளி பின்தங்கும்.

எது முந்துகிறது என்று தெரியாமல் திணறுவதுதான் எல்லோருக்கும் வரும் சிக்கல். குழப்பமாக இருந்தால் புதுப் பாட்டை வேண்டுமென்றே விரலால் கொஞ்சம் மெதுவாக்குங்கள். 'ட-டக்' இன்னும் அகலமானால் அது ஏற்கெனவே பின்தங்கியிருந்தது, நெருங்கினால் முந்தியிருந்தது. ஹெட்போனில் புதுப் பாட்டின் பாஸைக் குறைத்து, அதன் ஹை-ஹேட்டை (டிரம் செட்டின் சிறு தாள ஜோடிச் சத்தம்) ஓடும் பாட்டின் கிக்கோடு ஒப்பிட்டால் இன்னும் தெளியும். பயிற்சியின்போது, வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் வைக்கும் கீ-லாக்கை அணைத்துவிடுங்கள். திரையில் ஓடும் அலைவடிவத்தையும் மறையுங்கள், அது இருக்கும்வரை காது வேலை செய்யாது.

மண்டபத்தில் இன்னொன்று. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 10 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரின் சத்தம் உங்களிடம் வர 29 மில்லி நொடி ஆகும், 'ட-டக்' கேட்கத் தொடங்கும் அளவு அது. அந்தச் சத்தத்தோடு ஹெட்போனைச் சேர்த்தால், உங்களுக்குச் சரியாகக் கேட்பது ஆடுபவர்களுக்குப் பிசகிக் கேட்கும். பக்கத்தில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கரைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு பாட்டையும் ஹெட்போனிலேயே கலந்து கேளுங்கள். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

டெக்கின் மேல் சந்தேகம் தீர ஒரு சோதனை. ஒரே பாட்டை இரண்டு பக்கமும் ஏற்றி, பிட்ச் இரண்டையும் பூஜ்ஜியத்தில் வைத்துச் சேர்த்து ஓட விடுங்கள். சில நிமிடங்களில் மெல்லிய விலகல் வருவது மோட்டாரின் இயல்பு, அதைக் கையால் பிடிக்க வேண்டியதுதான். சில நொடிகளிலேயே ஓடினால் ஸ்லிப்மேட்டில் பிசுக்கு இருக்கிறதா, தட்டு வழுக்குகிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் தொடர்ந்தால் சர்வீசுக்குக் கொடுங்கள்.

கல்யாணத்துக்கு வாசிக்கிறேன் என்றீர்களே, அதனால் சொல்கிறேன். எண்பதுகளின் திரைப்பாடல்கள் பல, ஸ்டுடியோவில் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவை. அவற்றின் காலப்பிரமாணம் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே லேசாக அசையும். பீட் விழும் இடங்களைக் குறித்துக் கணினி போடும் பீட் கட்டம் பல நேரம் அந்த அசைவைப் பிடிக்காது, அப்போது சிங்க்கும் கைவிடும். அந்தப் பாடல்களுக்காகவே கையால் சேர்க்கக் கற்க வேண்டும் என்பேன். கலக்கும் நேரத்தை 4 அல்லது 8 பாருக்குள் முடித்துக்கொண்டு, ஒரு விரலை ஃபேடர் மேலேயே வைத்திருங்கள்.

திஸ்ர நடையில் போகும் குத்துப் பாட்டையும் சதுஸ்ர நடைப் பாட்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஓடவிடாதீர்கள். திரை இரண்டுக்கும் 100 என்று காட்டலாம், கிக்கும் சேர்ந்துவிடும். ஆனால் நடுவில் ஒன்று மூன்றாகவும் மற்றது நான்காகவும் பிரிவதால் உள்ளே முட்டிக்கொண்டே இருக்கும். திஸ்ர நடைப் பாட்டின் 100-ஐக் கணினி 150 என்று தவறாகக் கணிப்பதும் உண்டு. அங்கே கலக்க வேண்டாம். ஓடும் பாட்டில் தாளம் ஓய்ந்து குரல் மட்டும் நிற்கும் இடம் வரும்வரை காத்திருந்து, புதுப் பாட்டை ஒன்றாம் பீட்டில் விட்டு, அதே பீட்டில் பழையதை வெட்டுங்கள்.