அப்பாவின் காது மெஷினுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. குமாரபாளையத்தில் 35 வருடம் விசைத்தறி ஓட்டினார். இப்போது பக்கத்தில் போய்ப் பேசினாலும் புரிவதில்லை. ஒரு கடையில் இரண்டு காதுக்கும் சேர்த்து 1,60,000 ரூபாய், தவணையிலும் தருகிறோம் என்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கலாமா? நானும் தறிக்குத்தான் போகிறேன். மாதம் 18,000 ரூபாய் வருகிறது.

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். 12 சதவீத வட்டி என்றால்கூட மாதம் 1,600 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். காது மெஷின் பொதுவாக ஐந்து வருடம் போல உழைக்கும். நகையை மீட்பதற்குள் அடுத்த மெஷின் வாங்கும் நேரம் வந்துவிடலாம்.

முதலில் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அப்பாவை அழைத்துப் போங்கள். குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிடுவார்கள். அப்புறம் ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள். தறிச் சத்தம் முதலில் மெல்லிய, கூர்மையான ஒலிகளைத்தான் தின்னும். அதனால்தான் குரல் கேட்கும், ஆனால் 'சாதம்' என்றீர்களா 'பாதம்' என்றீர்களா என்பது பிடிபடாது. எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அந்தத் தாளில் இருக்கும். அது கையில் இல்லாமல் எந்தக் கடையிலும் விலை பேசாதீர்கள்.

இரண்டு காதிலும் இழப்பு 60 டெசிபலுக்கு மேல் என்றால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு மனு போடலாம். பெருந்துறையில் பார்த்தாலும் உங்கள் மாவட்டம் நாமக்கல், மனுவை அங்கே போடலாம். அட்டை கிடைத்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியை இலவசமாகக் கேளுங்கள். இழப்பு அந்த அளவுக்கு இல்லையா? 60 வயது தாண்டிய, மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல் இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. காது மெஷினும் அதில் வரும். முகாம் எப்போது என்று கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

காத்திருக்க முடியாது, வெளியில்தான் வாங்க வேண்டும் என்றாலும் 1,60,000 தேவையில்லை. விலையை ஏற்றுவது பெரும்பாலும் புளூடூத், கூட்டத்தில் இரைச்சலைக் குறைக்கும் வசதி, ஒலியை எத்தனை பகுதியாகப் பிரித்துச் சரிசெய்கிறது என்ற சேனல் எண்ணிக்கை போன்றவைதான். வீட்டில் நாலு பேரோடு பேசுகிற அப்பாவுக்கு எளிய டிஜிட்டல் கருவி பெரும்பாலும் போதும். அதை அவர் ஆடியோகிராமுக்கு ஏற்ப சரியாக டியூன் செய்வதுதான் முக்கியம். என் அம்மாவுக்கு நாங்கள் முதலில் வாங்கிய கருவி விலை அதிகமானதுதான். ஆனால் விற்றவர்கள் மறுபடி டியூன் செய்து தரவே இல்லை. பாத்திரம் விழுந்தால் தலை அதிர்கிறது என்று அம்மா கழற்றி வைத்தவர், திரும்ப மாட்டவில்லை. அதனால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறன் நிபுணர், பார்க்கிறாரா, சில நாள் போட்டுப் பார்க்கத் தருவார்களா, டியூனிங்குக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் சேர்த்தால் கேளுங்கள். வட்டியில்லா தவணை என்றால், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்த வித்தியாசம்தான் வட்டி. ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வரும் ஒலிபெருக்கி வேண்டாம். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டி, மிச்சமுள்ள காதையும் கெடுக்கலாம்.

இப்போது உங்கள் காது. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது 'நானும் தறிக்குத்தான் போகிறேன்' என்ற வரிதான். தறிக்கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். உள்காதில் ஒலியை உணரும் செல் ஒருமுறை செத்தால் திரும்ப வளராது. பஞ்சு வைத்தால் போதாது. ஃபோம் இயர்பிளக் ஒரு ஜோடி சில பத்து ரூபாய்தான். விரலால் உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே வையுங்கள். ஷிப்ட் முழுக்கப் போட வேண்டும். அப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும் அன்றே உங்களுக்கும் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள்.