ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பின் பசியே இல்லாத நாளில் என்ன சாப்பிடுவது, உடற்பயிற்சி செய்யலாமா?

உடல் எடையைக் குறைக்கச் செய்யும் இந்த அறுவையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதில் போய்விடுகிறது. அதனால் பசிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

பொதுவான இலக்கு நாளுக்கு 60 கிராம் புரதம், ஒன்றரை லிட்டர் திரவம். திட உணவு இறங்காவிட்டால் சர்க்கரை சேர்க்காத வே (பாலிலிருந்து எடுக்கும்) புரதப் பவுடரைக் கலக்கி அரை மணி நேரம் மெல்ல உறிஞ்சலாம். ஒரு ஸ்கூப்பில் 20 கிராமுக்கு மேல் கிடைக்கும். முட்டையில் 6 கிராம்தான். கஞ்சி எளிதாக இறங்கும், ஆனால் இருக்கிற கொஞ்ச இடத்தையும் மாவுச்சத்தே அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் தண்ணீர் வேண்டாம். பல நாள் பசியின்மைக்கு நீர்ச்சத்துக் குறைவும் மலச்சிக்கலும் காரணமாக இருப்பதுண்டு.

அன்று பளு தூக்குவதை விடுங்கள். பத்துப் பத்து நிமிடமாக மூன்று நடை போதும். தலைசுற்றினால் உடனே உட்காருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே தங்காவிட்டாலோ, வாந்தி தொடர்ந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்: வாந்தி நீடித்தால் தயமின் (வைட்டமின் பி1) குறையும், அது குறைந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும்.